ஓடுகிற கால் உள்ளவரைதான் உதவியா?

(பெரியபாளையத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி உயர்வைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதை அடுத்த வாரமும் பேசலாம். கூலிதான் அதற்குள் உயர்ந்துவிடப் போவதில்லையே! இன்று ஒரு பெண்ணின் படிப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அவள் தகப்பனார் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்லவில்லை. நம்மில் பலருக்குத் தெரியும்.

கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் மில்லில் அவர் காண்டிராக்ட் தொழிலாளி. தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். பூக்காலத்தில் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போவார். பெண் சர்க்கார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. கபடி ஆடுகிறாள். மாவட்ட அணிவரை போய்விட்டாள். சென்ற மாதம் ஒரு போட்டியில் சென்னைப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் அவளைப் பார்த்திருக்கிறார். "எங்கள் காலேஜுக்கு வரட்டும். ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டல் இலவசம், சாப்பாடு இலவசம், ஷூ, சட்டை எல்லாம் நாங்களே" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

தகப்பனார் நம்மிடம் வந்து கேட்டார்: "அண்ணே, சும்மா எவன் குடுப்பான்? இதுல என்னமோ இருக்கு. அனுப்பலாமா, வேணாமா?"

தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழி சொல்வார்கள். ஆனால் இது தானமா என்பதுதான் கேள்வி. நம் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அனுப்ப வேண்டும். நம் வீட்டுப் பெண்ணுக்குக் கல்லூரி வாசல் திறந்தால் அதை மூடு என்று நாம் ஒருநாளும் சொல்லமாட்டோம். ஆனால், கொடுப்பவன் எதற்காகக் கொடுக்கிறான், எதுவரை கொடுப்பான், எப்போது நிறுத்துவான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும். வேலைக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரியிடம் நாம் கேட்கிற அதே கேள்விகள்தான்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம்? நம் பக்கத்துப் பையன் ஒருவன், இவளைப் போலவே நல்ல ஆட்டக்காரன், சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரிக்கு இதே மாதிரி 'எல்லாம் இலவசம்' என்று போனான். இரண்டு வருஷம் கல்லூரிக்குக் கோப்பைகள் கொண்டுவந்தான். மூன்றாம் வருஷம் பாடிப் போனபோது நாலு பேர் மேலே விழுந்து முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆஸ்பத்திரிச் செலவு வீட்டார் தலையில். கட்டு அவிழ்ப்பதற்குள் ஹாஸ்டல் பில் வந்துவிட்டது. 'நீ இப்போது அணியில் இல்லை. ஆகவே சலுகையும் இல்லை' என்றார்கள். எழுத்தில் ஏதாவது இருந்ததா? ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. வாய் வார்த்தைதான். படிப்பு பாதியில் நின்றது. இன்று அவன் சிப்காட்டில் லாரிக்கு லோடு ஏற்றுகிறான், அதே முழங்காலோடு.

அவனுக்குக் கல்லூரி கொடுத்தது என்ன? உபகாரமா, கூலியா? உபகாரம் என்றால் கால் உடைந்தபோதுதான் அதிகமாகத் தேவைப்பட்டது, அப்போதல்லவா நிறுத்தினார்கள்! வேலை நின்றதும் நிற்கிற பணத்துக்கு நம் ஊரில் ஒரே பெயர்தான் உண்டு, கூலி. கூலி என்றால் வேலையில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு உண்டு. 1923-ல் வந்த நஷ்டஈட்டுச் சட்டத்திலிருந்து அதற்காக நாம் பட்ட பாடு எவ்வளவு! கொடுக்கும்போது 'உபகாரம்', வாங்கும்போது 'வேலை', அடிபட்டால் 'மாணவன்' என்று சமயத்துக்கு ஒரு பெயர் வைத்தால் எப்படி?

இந்தப் பெயர் மாற்றும் வித்தை நம் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் இதற்கு எழுபது வருஷச் சரித்திரம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நம் பெண்ணின் விஷயத்துக்கு அங்கேயிருந்து வெளிச்சம் கிடைக்கிறது.

அங்கே கல்லூரி விளையாட்டு பெரிய வியாபாரம். டிக்கெட், தொலைக்காட்சி, விளம்பரம் என்று பணம் கொட்டுகிறது. 1950-ல் டென்வர் பல்கலைக்கழகத்தில் நெமெத் என்ற கால்பந்து மாணவர் பயிற்சியில் அடிபட்டார். டென்னிஸ் மைதானத்தைச் சுத்தம் செய்வதாக அவருக்கு மாதம் 50 டாலர் கொடுத்துவந்தார்கள். அந்த வேலை கிடைத்ததே பந்து ஆடுகிறார் என்பதால்தான். 1953-ல் கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் அவரைத் தொழிலாளி என்று ஏற்று நஷ்டஈடு உண்டு என்றது. கல்லூரி நிர்வாகங்களுக்குத் தூக்கம் போயிற்று. 1955-ல் அதே மாநிலத்தில் ரே டெனிசன் என்பவர் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி அணியில் ஆடும்போது தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் நஷ்டஈடு கேட்டு வழக்காடினார். 1957-ல் அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. கல்லூரி கால்பந்து வியாபாரம் நடத்தவில்லையாம். ஆகவே இறந்தவர் தொழிலாளி இல்லையாம்.

அந்தக் காலத்தில்தான் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 'மாணவ-விளையாட்டு வீரர்' என்ற புதுப் பெயரைக் கண்டுபிடித்துப் பரப்பியது. அந்தச் சங்கத்தின் தலைமை அதிகாரியாகப் பல்லாண்டு இருந்த வால்டர் பையர்ஸ், ஓய்வு பெற்றபின் 1995-ல் எழுதிய புத்தகத்தில், தொழிலாளி என்ற பெயர் ஒட்டிவிடாமல் தடுக்கவே அப்படிப் பெயர் வைத்தோம் என்று ஒப்புக்கொண்டார். அதே சங்கம் 1973-ல் இன்னொன்றும் செய்தது. முழுப் படிப்புக்கும் கொடுத்துவந்த விளையாட்டு உதவியை வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற உதவியாக மாற்றிவிட்டது. ஆட்டம் சரியில்லை என்றால் அடுத்த வருஷம் புதுப்பிக்கமாட்டார்கள். பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று மறுபடி அனுமதித்தது 2012-ல்தான். பதினோரு மாதக் காண்டிராக்ட் எழுதி நம்மை வைத்துக்கொள்கிற முதலாளிக்கு இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

'எல்லாக் கல்லூரியும் அப்படியா?' என்று கேட்கலாம். இல்லை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, பிரவுன், கார்னெல், டார்ட்மவுத், பென்சில்வேனியா என்று எட்டுப் பழைய கல்லூரிகள் இருக்கின்றன. ஐவி லீக் என்று பெயர். பெரிய இடத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த இடங்கள். இவை 1954-ல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன: விளையாட்டுக்காக யாருக்கும் பண உதவி கிடையாது, குடும்பத்தின் வசதியைப் பார்த்துத்தான் உதவி, அது ஆடுகிற பிள்ளைக்கும் ஆடாத பிள்ளைக்கும் ஒரே அளவுகோல்.

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! உண்மையிலேயே இதில் ஒரு நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. உதவி வறுமைக்காக வருவதால் கால் உடைந்தாலும் நிற்காது. அணியை விட்டு விலகினாலும் நிற்காது. தொகையும் சிறியதல்ல. ஹார்வர்டில் 2025-26 முதல், ஆண்டுக்கு 1 லட்சம் டாலருக்குக் கீழே வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம் என்று அறிவித்தார்கள்.

அப்படியானால் குறை எங்கே? வாசலில். இந்தக் கல்லூரிகள் பணம் கொடுத்து ஆட்டக்காரரை இழுப்பதில்லை. இடம் கொடுத்து இழுக்கின்றன. மற்றவர்கள் நூறு பேர் மனுப் போட்டால் ஐந்தாறு பேருக்குத்தான் ஹார்வர்டில் இடம். பயிற்சியாளர் பொறுக்கியெடுத்த ஆட்டக்காரர்களிலோ நூற்றுக்கு 86 பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. நீதிமன்ற வழக்கு ஒன்றில் வெளியே வந்த ஏடுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் சொன்ன கணக்கு இது. எந்த ஆட்டக்காரர்கள்? கால்பந்தும் கூடைப்பந்தும் மட்டுமல்ல. துடுப்புப் படகு, வாள் சண்டை, ஸ்குவாஷ், பாய்மரக் கப்பல்! இவற்றைப் பத்து வயதிலிருந்து பழக எந்தத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையால் முடியும்? ஆகவே ஏழைக்கு உதவி என்று எழுதிய பலகை உள்ளே தொங்குகிறது. வாசலில் நுழைகிறவர்களில் பலருக்கு அந்த உதவி தேவையே இல்லை.

இந்த வாசலில் திருட்டும் நடந்தது. 2019-ல் வெளிப்பட்ட ஊழலில், யேல், ஸ்டான்ஃபோர்டு முதலிய இடங்களில் பயிற்சியாளர்கள் லஞ்சம் வாங்கியது அம்பலமாயிற்று. ரிக் சிங்கர் என்ற தரகர், படகில் காலே வைக்காத பணக்காரப் பிள்ளைகளைப் படகோட்டி வீரர் என்று ஜோடித்து அனுப்பினார். அவருக்கு மூன்றரை வருஷம் சிறை கிடைத்தது. நம் ஊரில் போலி விளையாட்டுச் சான்றிதழ் என்று கேள்விப்படுகிறோமே, அதன் சீமைப் பதிப்பு!

அந்த எட்டுக் கல்லூரிகளிலும் உழைப்பின் கேள்வி எழாமலில்லை. டார்ட்மவுத் கல்லூரியில் கூடைப்பந்து அணிப் பையன்கள் 15 பேர். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்யும் மாணவர்கள் 2022-ல் சங்கம் அமைத்துக் கூலி உயர்வு வாங்கியதை இவர்கள் கண்ணெதிரே பார்த்தவர்கள். 'எங்களுக்கும் சங்கம் வேண்டும்' என்றார்கள். கல்லூரி என்ன சொல்லிற்று? 'உங்களுக்கு விளையாட்டு உதவிப் பணமே கொடுக்கவில்லையே, நீங்கள் எப்படித் தொழிலாளி?' என்றது. கொடுக்காமலிருப்பதே ஒரு கேடயமாயிற்று பாருங்கள்! தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி 2024 பிப்ரவரியில் அதை ஏற்கவில்லை. எப்போது எழ வேண்டும், எங்கே போக வேண்டும், எத்தனை மணி பயிற்சி என்பதையெல்லாம் கல்லூரிதான் தீர்மானிக்கிறது. ஷூ, உடை, டிக்கெட், பிரயாணம் என்று பொருளாகக் கொடுக்கிறது. ஆகவே தொழிலாளிதான் என்று முடிவு சொன்னார். மார்ச் 5-ந் தேதி ஓட்டெடுப்பு. சங்கத்துக்கு 13, எதிராக 2. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு அணி ஒன்று சங்கத்துக்கு ஓட்டுப்போட்டு முடிவு வெளியானது அதுவே முதல் தடவை.

கல்லூரி பேச்சுவார்த்தைக்கு உட்கார மறுத்தது. அந்த வருஷக் கடைசியில், புதிய ஜனாதிபதி நியமிக்கப்போகும் வாரியம் பாதகமான தீர்ப்புச் சொல்லிவிட்டால் நாடு முழுவதும் மற்ற ஆட்டக்காரர்களுக்கும் கதவடைத்துவிடும் என்று கருதி, சங்கமே மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டது. தோல்விதான். ஆனால் கேள்வி எழுந்துவிட்டது, இனி அடங்காது. பிரவுன் பல்கலைக்கழக ஆட்டக்காரர் இருவர் 2023-ல் வேறொரு வழக்குப் போட்டார்கள். எட்டு முதலாளிகள் கூடி 'யாரும் கூலி கொடுப்பதில்லை' என்று பேசிக்கொண்டால் அது சதியல்லவா, எட்டுக் கல்லூரிகள் செய்துகொண்ட ஒப்பந்தமும் அப்படித்தானே என்பது அவர்கள் வாதம். 2024-ல் அது தள்ளுபடியானது. மற்ற பெரிய கல்லூரிகளுக்கோ 2025 ஜூனில் ஒரு நீதிமன்றச் சமரசம் வந்தது. முதல் வருஷம் கல்லூரிக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை நேராக ஆட்டக்காரர்களுக்கே கொடுக்கலாம். ஐவி எட்டும் அதில் சேரவில்லை.

சரி, அமெரிக்கா போதும். நம் கிண்டிக்கு வருவோம்.

சென்னை ஐ.ஐ.டி. 2024-25-ல் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடம் வைத்தது. நாட்டு ஐ.ஐ.டி.களில் முதன்முதல். ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் 2 இடம், அதில் ஒன்று பெண்களுக்கு. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் விதியைப் படித்துப் பாருங்கள்: முந்தைய நாலு வருஷத்துக்குள் தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் பதக்கம் வேண்டும், அதோடு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு பரீட்சையிலும் தேற வேண்டும். முதல் வருஷம் சேர்ந்தவர்கள் 5 பேர். அவர்கள் ஆடியவை கைப்பந்து, மேசைப்பந்து, டென்னிஸ், ஸ்குவாஷ், நீர்ப்பந்து. அந்தப் பிள்ளைகளின் திறமையை நாம் குறைசொல்லவில்லை. இரண்டு மலையையும் ஏறியவர்கள். நாம் கேட்பது வேறு. எல்லாபுரம் ஒன்றியத்தில் ஸ்குவாஷ் ஆட ஒரு சுவராவது இருக்கிறதா? நீர்ப்பந்து பழக ஆரணியாற்றுக்குப் போகலாம், வெள்ளம் வருகிற நாலு நாள்!

பண விஷயத்தில் ஐ.ஐ.டி. நடப்பதும் அந்த எட்டுக் கல்லூரிகள் வழியில்தான். ஆட்டத்துக்கு இடம், பணம் குடும்ப நிலைமையைப் பார்த்து. படிப்புக் கட்டணம் 2016-லிருந்து ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும், ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழான குடும்பத்துக்கும் அது முழுவதும் தள்ளுபடி. 1 லட்சத்திலிருந்து 5 லட்சம்வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. விடுதியும் சாப்பாடும் தனிக் கணக்கு. நம் வீட்டுப் பிள்ளை அந்த வாசலைத் தொட்டுவிட்டால் படிப்புக் கட்டணத்தில் பெரும்பகுதி குறையும். தொடுவதற்கு முன்னால் ஆகிற செலவுதான் கொல்கிறது. பத்து வயதில் ஒரு ஜோடி ஷூ, பன்னிரண்டு வயதில் தினம் இரண்டு முட்டை, பதினைந்து வயதில் வெளியூர்ப் போட்டிக்கு ரயில் சார்ஜ், அதோடு பரீட்சைக்கு ட்யூஷன். அந்த வயதில் உதவி எங்கே?

நம் மாநில சர்க்கார் வழியும் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம். எம்.பி.பி.எஸ். படிப்பில் 7. விளையாட்டுக்காக இடம் கிடைத்தாலும் அதற்காகவே கட்டணம் போய்விடாது. இடம் வேறு, பணம் வேறு. இரண்டையும் சேர்த்துத் தந்தது இன்னொரு ஏற்பாடு. சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்ததே, அதில் சேர்கிறவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே கட்டும் என்று 2021-ல் அறிவித்தார்கள். இடத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பில்லையும் கையில் கொடுக்காத ஏற்பாடு அது. விளையாட்டு வழியாக வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே முறை ஏன் கூடாது என்று நாம் கேட்க வேண்டும்.

மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்தில் ரேவதி வீரமணி என்ற பெண். சிறு வயதில் தாயும் தகப்பனும் இறந்துபோனார்கள். கூலிவேலை செய்த பாட்டி வளர்த்தார். பள்ளிக்கூடப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியவளைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டார். பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. பயிற்சிக்குப் போய்வரப் பஸ் சார்ஜ் எங்கே? கண்ணன் விடவில்லை. லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க ஏற்பாடு செய்தார். தங்க இடமும் வேளைக்குச் சோறும் கிடைத்தபின் அந்தப் பெண் ஓடினாள். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினாள். கவனியுங்கள், அவளுக்குத் தடையாக நின்றது பல லட்ச ரூபாய் அல்ல, பஸ் சார்ஜ். ஒரு நல்ல மனிதர் கண்ணில் பட்டாள். கண்ணில் படாமல் செங்கல் சூளைக்கும் பூந்தோட்டத்துக்கும் போன ரேவதிகள் எத்தனை பேர்!

இனி நம் பெண்ணிடம் வருவோம். பயிற்சியாளர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலும் அவரும் நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குகிறவர். கோப்பை வராவிட்டால் அவர் வேலைக்கும் ஆபத்து. ஆகவே அவர் வாக்கு எவ்வளவு நல்லெண்ணமானாலும் கல்லூரி முத்திரையும் கையெழுத்தும் உள்ள காகிதம் வேண்டும். அதில் எத்தனை வருஷம் என்று இருக்க வேண்டும். பட்டம் வாங்கும்வரை என்று இருக்க வேண்டும். இலவசம் என்றால் எது எது? படிப்புக் கட்டணம் மட்டுமா, பரீட்சைக் கட்டணம், விடுதி, சாப்பாடு, பஸ் எல்லாமா? ஒவ்வொன்றாக எழுத வேண்டும். அடிபட்டால் வைத்தியம் யார் செலவு, அடிபட்டு ஆட முடியாமல் போனால் மிச்சப் படிப்புக்கு இதே சலுகை தொடருமா? இதுதான் உயிரான கேள்வி. இதற்கு மட்டும் வாய் வார்த்தையை ஏற்கவே கூடாது. போட்டிக்குப் போன நாளில் பரீட்சை வந்தால் மறுபரீட்சை உண்டா? பாடத்தை அவள் தேர்ந்தெடுப்பாளா, மைதான நேரத்துக்குத் தோதாக அவர்களே ஒன்றைத் தள்ளிவிடுவார்களா? பெண் கணக்கில் கெட்டி, பி.எஸ்.சி. கணக்கு படிக்க வேண்டும் என்கிறாள்.

இன்னொன்று. மார்க் ஷீட், டி.சி. ஒரிஜினலை வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொண்டு, 'விலகினால் மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்' என்று மிரட்டுகிற இடங்கள் உண்டு. ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் உத்தரவு போட்டிருக்கிறது. அதை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டுவரை சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்துக்கும் மனுப் போட வேண்டும். அது கபடிக்காக வருவதல்ல. ஆகவே கால் வலித்தாலும் நிற்காது.

'இத்தனை கேட்டால் சீட்டே கிடையாது என்று சொல்லிவிட்டால்?' என்று தாயார் கேட்டார். நியாயமான பயம். நாமும் யோசித்தோம். அவள் ஒருத்தியாகப் போய்க் கேட்டால் அப்படிச் சொல்லலாம். இந்த ஒன்றியத்தில் மட்டும் இந்த வருஷம் இப்படிக் கூப்பிடப்பட்ட பிள்ளைகள் மூன்று பேர் இருப்பதாக நமக்குத் தெரிகிறது. மூன்று வீடும் சேர்ந்து ஒரே காகிதத்தை நீட்டட்டும். நல்ல ஆட்டக்காரர் அவர்களுக்கும் தேவை. நம் பிள்ளைகளின் கால்களைப் பார்த்துத்தானே இவ்வளவு தூரம் தேடி வந்தார்கள்?

வருகிற திங்கட்கிழமை தகப்பனார் லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போகிறார். ஒரு நாள் கூலி போகும். எங்களில் ஒருவர் கூடப் போகிறோம். கேள்விகளைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறோம். பதிலையும் எழுத்தில்தான் கேட்போம். மற்ற இரண்டு வீட்டாரும் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். பிள்ளைகளின் சான்றிதழ்களை வெளியே எடுத்துக்கொண்டு போகுமுன் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்துவிடுவோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடை ஒன்பது மணிவரை திறந்திருக்கும்.